ஸீரோ ஸீரோ ரெண்டு

எனக்குத் திக்கும். எல்லா எழுத்துக்கும் இல்லை. ப, ட, த மூன்றும்தான் என் பரம்பரை எதிரிகள். இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் நான் கற்றுக்கொள்ளப் போன விளையாட்டின் பெயர் பிக்கிள்பால் என்பது எவ்வளவு பெரிய அநியாயம்! ஆறு மாதம் நண்பர்களிடம் "அந்த ஓட்டைப் பந்து கேம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை, பந்து முழுக்க ஓட்டைதான். வெளியரங்கில் ஆடுகிற பந்தில் பெரும்பாலும் நாற்பது இருக்கும்.

திக்குகிறவர்களுக்குச் சொல்வளம் அதிகம் என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா தெரியாது. என் விஷயத்தில் உண்மை. வராத சொல்லுக்கு மாற்றுச் சொல் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வகுப்பில் எல்லோரும் "பிரசென்ட் சார்", நான் மட்டும் "எஸ் சார்". பல்லாவரம் போக வேண்டுமென்றால் கண்டக்டரிடம் "குரோம்பேட்டை ஒண்ணு" என்று கேட்டு, பல்லாவரத்தில் இறங்கிவிடுவேன். அந்த ஒரு ஸ்டாப்புக்கு அதிகமாகக் கொடுத்த காசையெல்லாம் சேர்த்திருந்தால் இன்று நல்ல பேடல் ஒன்று வாங்கியிருக்கலாம்.

பெருங்குடிப் பக்கம் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கோர்ட் போட்டிருந்தார்கள். ஆபீஸ் நண்பன் இழுத்துக்கொண்டு போனான். இருபதுக்கு நாற்பத்து நான்கு அடி, பேட்மின்டன் இரட்டையர் கோர்ட் அளவேதான். அதில் ஆச்சரியமில்லை. 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் ஒரு பழைய பேட்மின்டன் கோர்ட்டில்தான் இதைத் தொடங்கினார்கள். ஆடச் சரியான சாமான் கிடைக்கவில்லை. கையில் கிடைத்த மட்டையையும் ஓட்டைப் பந்தையும் வைத்து ஆடினார்கள். ஊறுகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படகுப் போட்டியில் மிச்சமிருக்கும் ஆட்களைச் சேர்த்து ஓட்டுகிற படகை 'பிக்கிள் போட்' என்பார்களாம். அதை வைத்து ஜோன் பிரிட்சர்ட் இட்ட பெயர். வீட்டு நாயின் பெயர் என்றும் ஒரு கதை உண்டு. நாய் பிறகுதான் வந்தது என்கிறது அந்தக் குடும்பம். மிச்சமிருக்கிற ஆட்களின் படகு. எனக்கு அது பிடித்திருந்தது.

சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. வலைக்கு இரண்டு பக்கமும் ஏழடி அகலத்துக்குக் 'கிச்சன்'. உள்ளே போகலாம், ஆனால் அங்கே நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. கோடும் கிச்சன்தான். என் முதல் பார்ட்னர் ஒரு அக்கா, வங்கியில் வேலை. "வீட்ல கிச்சன விட்டு வெளிய வர முடியல, இங்க உள்ள நிம்மதியா நிக்க முடியல" என்பார். கிச்சன் ஓரம் நின்று எதிராளியின் கிச்சனுக்குள் மெல்லத் தொட்டு இறக்குவது 'டிங்க்'. பார்க்கச் சோம்பேறித்தனமாக இருக்கும். பத்துத் தடவை தொடர்ந்து செய்து பாருங்கள், தொடை எரியும். கோட்டுக்கு வெளியே தாவி, வலையோரம் நின்று அடிப்பது 'எர்னி'. எர்னி பெரி என்ற ஆட்டக்காரரின் பெயர். பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றால் 'பிக்கிள்ட்' ஆகிவிட்டோம் என்று அர்த்தம். ஊறப்போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் வாய் திறக்காமலே கற்றுக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டது ஸ்கோரில்.

இந்த ஆட்டத்தில் சர்வ் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் சத்தமாக மூன்று எண் சொல்ல வேண்டும். நம் புள்ளி, எதிரணிப் புள்ளி, பிறகு நம் அணியில் சர்வ் போடுவது முதல் ஆளா இரண்டாவது ஆளா என்பது. ஆட்டம் தொடங்கும்போதே "ஸீரோ ஸீரோ டூ". முதலில் சர்வ் போடுகிற அணிக்கு அனுகூலம் அதிகமாகிவிடக் கூடாது என்று அந்த முதல் முறை மட்டும் ஒரே சர்வர். அவரை இரண்டாவது ஆளாகக் கணக்கு வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 'டூ' என் தொண்டையில் அப்படியே நின்றது. எதிரில் இரண்டு பேர் குனிந்து, பேடலை நீட்டி, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கோருக்கு மாற்றுச் சொல் கிடையாது.

"நான் சொல்லிடட்டுமா தம்பி?" என்றார் அக்கா. தலையசைத்தேன். அன்று முழுக்க அவர் சொன்னார், நான் போட்டேன். வீட்டுக்குப் போகும்போது ஆட்டம் ஞாபகமில்லை, அந்தத் தலையசைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த வாரம் அக்கா, "ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம்" என்றார். சேர்ந்து சொல்லும்போது திக்காது. பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்து எனக்கு ஒருநாளும் திக்கியதில்லை. பேச்சுப் பயிற்சியிலும் இந்த வழியைப் பயன்படுத்துவார்கள். அக்காவுக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதம் அப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் அவர் வரவில்லை. ஸீரோ, ஸீரோ என்று வந்து நின்றேன். என்ன தோன்றியதோ, "ரெண்டு" என்றேன். வந்துவிட்டது! டூ ரெண்டாயிற்று, த்ரீ மூணாயிற்று. மாற்றுச் சொல் இத்தனை நாள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

பத்து மட்டும் பாக்கி. டென் என்றாலும் சிக்கும், பத்து என்றாலும் சிக்கும். பதினொன்றில் முடிகிற ஆட்டத்தில், ஜெயிக்கிற வாசலில் நிற்கும்போதுதான் அந்த எண் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்களுக்குப் பத்து, அவர்களுக்கு எட்டு, நான் முதல் சர்வர். எதிரில் அக்கா. என் பக்கம் அன்றுதான் பார்த்த கல்லூரிப் பையன். "ப..." என்று நின்றது. ஸ்கோர் சொல்லி முடித்த பிறகுதான் சர்வுக்கான பத்து நொடி ஆரம்பிக்கும். அதுவரை விதி என் பக்கம். கீழே யாரோ வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பீப் சத்தம் முழுவதையும் கேட்டேன். அக்கா குனிந்தபடியே இருந்தார், உதட்டைக்கூட அசைக்கவில்லை. "ப... ப... பத்து எட்டு ஒண்ணு."

போட்டேன். பந்து நேரே வலையில் போய் விழுந்தது.

பையன் பந்தை எடுத்துத் தன் இடத்துக்குப் போனான். இரண்டு முறை தரையில் தட்டினான். அதுவரை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தவன், "பத்து எட்டு ரெண்டு" என்றான்.