பதின்மூன்றும் பத்தும்

எமது மூத்த நானா குவைத்தில் வேலை பார்த்திருந்த காலத்தில், 1988ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்தவர், சேலைகளுக்கும் அத்தருக்கும் நடுவே ஒரு கணினியையும் கொண்டுவந்து சேர்த்தார். அன்று கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. இன்றுள்ள பாலம் 2009இல் திறக்கப்பட்டது. ஆளும் பொருளும் வாகனமும் பாதையில் ஏறித்தான் அக்கரை காண வேண்டும். பாதை என்று எம்மூரார் சொல்வது, கடலைக் கடத்திவிடும் மிதவையை. அதில் நின்றவர்களெல்லாம் நானாவின் பெட்டியைப் பார்த்துப் புதிய வானொலி என்றே எண்ணிக்கொண்டார்கள்.

அந்தக் கணினிக்கு ‘ஸக்ர்’ என்று பெயர். அரபு மொழியில் பாறை என்பது பொருள். 1983இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொது முறைக்கு இணங்க, குவைத்தின் அல்-ஆலமியா நிறுவனம் அரபெழுத்தையும் சேர்த்து விற்ற இயந்திரம் அது. விசைப்பலகைக்குள்ளேயே மூளை, திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி, எழுதியதைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கும் சாதாரண கசெட்.

எமக்கு அப்போது வயது பத்து. பெருக்கல் வாய்பாடு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும். நானா பேசிக் மொழியில் நூற்றிருபது வரிகளில் ஒரு நிரல் எழுதினார். கணினி கணக்குக் கேட்கும். நாம் விடையைத் தட்ட வேண்டும். சரியென்றால் பாராட்டும், பிழையென்றால் கண்டிக்கும். அவர் திரும்பிப் போன பின்பும் அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்பது போலவே இருக்கும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள் அந்தக் கசெட்டைக் கொண்டுபோயிற்று. அலுமாரியின் உச்சியில் இருந்த கணினியும், நிரலை அவர் கையால் எழுதி வைத்த அப்பியாசக் கொப்பியும் தப்பின. பத்தாண்டுகளின் பின் நானாவும் காலமானார். அவருடைய இளைய மகளுக்கு அன்று வயது ஏழு.

உயர்தர வகுப்பில் கணினி பயிலும் அந்தப் பிள்ளைதான் ஒருநாள் கொப்பியை எடுத்து வந்து, “சாச்சா, வாப்பாட நிரலை ஓட்டிப் பார்ப்பமா?” என்றாள். உம்மாவுக்கு எண்பது கடந்து கண்ணும் மங்கி வருகிறது. பார்க்க வேண்டுமானால் இப்போதே பார்க்க வேண்டும்.

பழைய விசைப்பலகையில் எண்களும் சில எழுத்துகளுமே மசிந்தன. ஆகவே, நிரலை மடிக்கணினியில் தட்டி, அதனை ஒலியாக மாற்றி, ஒரு கம்பி வழியே கசெட்டுக்குரிய துளையில் ஊட்டுவது என்று தீர்மானித்தோம். அக்காலத்துக் கணினிகளை நேசிப்போர் உலகெங்கும் இவ்வாறுதான் செய்கின்றனர்: எழுதுவது புதிய இயந்திரத்தில், ஓடுவது பழைய இயந்திரத்தில். ஏறத்தாழ ஒரு நிமிடம் கிறீச்சிட்ட ஒலி ஓய்ந்தது. கணினி பிழையென்று சொல்லி நின்றது. ஒலியைக் கூட்டினோம், குறைத்தோம், கம்பியை மாற்றினோம். மூன்று மாலைகள் இவ்வாறே கழிந்தன. இயந்திரத்தின் ஆயுள் முடிந்ததென்றே நாம் முடிவு கட்டிவிட்டோம்.

பிள்ளை விடவில்லை. கொப்பியை மீண்டும் வரி வரியாக ஒப்பிட்டாள். 640ஆம் வரியில் நானா பாராட்டு வாசகத்தை இரண்டாக முறித்து, நடுவே 13, 10 என்னும் இரண்டு எண்களைச் சேர்த்திருந்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: “13ஐ விட்டால் எழுத்துப் படியிறங்கும். ரெண்டும் வேணும்.”

தட்டெழுத்துப் பொறியைக் கண்டவர்களுக்கு இதன் தாற்பரியம் எளிதில் விளங்கும். வரி முடிந்ததும் ஒரு நெம்பைத் தள்ளுவார்கள். அந்த ஒரே தள்ளலில் இரண்டு காரியங்கள் நிகழும்: தாள் ஒரு வரி மேலேறும், வண்டி வரியின் தொடக்கத்துக்கு மீளும். தந்திக் கம்பி வழியே தொலைவிலிருந்து தட்டும் பொறிகள் வந்தபோது, இவ்விரு காரியங்களுக்கும் தனித்தனிக் குறிகள் வேண்டியிருந்தன. 1963இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்னும் எழுத்தெண் முறையில், வண்டியை மீட்பதற்கு 13, தாளை ஏற்றுவதற்கு 10. அதே ஆண்டில் வெளிவந்த டெலிடைப் 33 என்ற பொறி விநாடிக்குப் பத்து எழுத்துத் தட்டும். ஆனால் கோடியிலிருந்து வண்டி திரும்ப ஓர் எழுத்தின் நேரம் போதாது. அதனால் முதலில் 13ஐ அனுப்பி, வண்டி ஓடும்போதே 10ஐயும் அனுப்புவார்கள். அவசரப்பட்டு அடுத்த எழுத்தை அனுப்பினால் அது தாளின் நடுவில் விழும். பாதை கரைதட்டு முன்னே காலை எடுத்து வைத்தவன் தண்ணீரில் விழுவதில்லையா?

வண்டியும் உருளையும் மறைந்தன, எண்கள் தங்கிவிட்டன. ஆனால் எல்லோரிடமும் ஒரே விதமாகத் தங்கவில்லை. யூனிக்ஸை அமைத்தவர்கள் கோப்பில் 10 ஒன்றே போதுமென்றனர். இன்றைய லினக்ஸும் அவ்வழியே. கொமடோரும் அப்பிள் 2உம் 13ஐ மட்டும் வைத்துக்கொண்டன. சி.பி./எம்., டொஸ், விண்டோஸ் ஆகியவை இரண்டையும் பேணின. எம்.எஸ்.எக்ஸின் பேசிக் மொழி மைக்ரோசொப்ட் ஆக்கியதாகையால் அதுவும் இக்கடைசிக் குலத்தைச் சேர்ந்தது.

1956இல் கோணேசர் கோயிலின் சிதைவுகளைத் திருகோணமலைக் கடலடியிற் கண்ட சுழியோடிகளுள் ஒருவரான ஆதர் சி. கிளார்க், 1982இல் வெளிவந்த தம் நாவலொன்றைக் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரே வட்டில் அனுப்பினார். அவர் கையாண்ட வேர்ட்ஸ்டார் இன்னும் நுட்பமானது: எழுதுபவர் தாமே முறித்த வரிக்கு 13, இடமில்லாமல் இயந்திரம் மடித்த வரிக்கு 141. இரண்டையும் தொடர்ந்து 10 வரும். அத்தகைய கோப்பை இன்றைய கணினியில் அப்படியே திறந்தால் வரிதோறும் புரியாத குறியொன்று முளைத்து நிற்கும்.

எமது கதைக்கு வருவோம். பிள்ளையின் மடிக்கணினி லினக்ஸில் ஓடுவது. கோப்பை எண்களாகப் பிரித்துப் பார்த்தாள். நூற்றிருபது வரிகளின் கடைசியிலும் 10 இருந்தது. 13 ஓரிடத்திலும் இல்லை. பாவம், பழைய கணினி என்ன செய்யும்? நிரல் முழுவதும் முடிவில்லாத ஒரே வரியாக அதற்குத் தோன்றியிருக்கிறது. ஒரு வரிக்கு அது ஒதுக்கும் இடமோ இருநூற்றைம்பது எழுத்துச் சொச்சமே.

ஒவ்வொரு 10க்கும் முன்னே ஒரு 13ஐ நுழைக்க ஒரே கட்டளை போதும். இதில் இறங்க விரும்பும் மாணவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும்: மூலக் கோப்பை அதன் போக்கில் விட்டு, அனுப்பும் வேளையில் அதன் பிரதியை மட்டும் மாற்றுங்கள். படம், ஒலி போன்ற கோப்புகளில் இம்மாற்றத்தைச் செய்யவே கூடாது. அங்கே 10 என்பது வரி முடிவன்று, வெறும் எண். அதற்கு முன் 13ஐச் செருகினால் படம் பாழாகும்.

நிரலை அனுப்புமுன் பிள்ளை ஒரு சிறு சோதனை செய்தாள். ஆங்கில எழுத்தில் கிண்ணியா, திரிங்கோ என்ற சொற்களுக்கு நடுவே 10ஐ மட்டும் வைத்தனுப்பினாள்; நானா எழுதியது போலவே இரண்டாவது சொல் படியிறங்கி நின்றது. 13ஐ மட்டும் வைத்தாள். ஏழெழுத்துக் கிண்ணியாவின் மேல் ஆறெழுத்துத் திரிங்கோ ஏறிக்கொள்ள, கடைசி எழுத்து மாத்திரம் தப்பி, ‘திரிங்கோவா’ என்று ஓர் ஊர் உண்டாயிற்று. அதன் பின்னரே நிரலை ஊட்டினோம்.

உம்மா நாற்காலியைத் திரையருகே இழுத்துக்கொண்டார். ஏழெட்டு என்னவென்று கணினி கேட்டது. பிள்ளை வேண்டுமென்றே 54 என்று தட்டினாள். ஆங்கில எழுத்துகளில் தமிழ் வந்தது.

“என்ன சொல்றான்?” என்று கேட்டார் உம்மா.

“யோசிச்சுப் பாரு தம்பி” என்று வாசித்துக் காட்டினோம்.

உம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரியான விடையையும் ஒருக்கா அடிச்சுப் பாருங்க” என்றார்.

56 என்று தட்டினோம்.