கூத்தைப் படிக்க வந்தவர், ஊரிலேயே தங்கிவிட்டார்!

நவரை நெல் அறுத்துக் களம் காலியாகிவிடும். சொர்ணவாரி வேலை முழுமூச்சாக ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து நாள் குறிப்பார்கள். பிறகு பத்து நாளோ அதற்கு மேலோ, பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து.

காஞ்சிபுரத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களில் பலருக்கு இது தெரியாது. காலையில் வந்து கோயில் பார்ப்பார்கள். பட்டுச் சேலை வாங்குவார்கள். பொழுது சாய்வதற்குள் சென்னைக்கு வண்டி ஏறிவிடுவார்கள். 2019-ல் அத்திவரதர் 48 நாள்கள் காட்சி கொடுத்தபோது நகரமே கூட்டத்தில் திணறியது. அப்போதும், பத்து மைல் தள்ளி ஒரு கிராமத்தில் விடிய விடிய என்ன நடக்கும் என்பதை வந்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

அதை அறிந்துகொண்டு, அதற்காகவே இங்கு தங்கிவிட்டவர் ஒருவர் உண்டு. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஹன்னே டி புரூயின்.

ஆராய்ச்சிக்கு வந்த பெண்

லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெறுவதற்காக, இந்தப் பகுதிக் கூத்தை ஆராய வந்தவர் அவர். நம் ஊர்க் கூத்து நூலகத்தில் இல்லை. அது ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும்போது முடிகிறது. அதைப் படிக்க வேண்டுமென்றால் கண் விழிக்க வேண்டும். ஊர் ஊராகப் போக வேண்டும்.

அவருடைய ஆய்வு 1999-ல் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. தலைப்பிலேயே 'கட்டைக்கூத்து' என்ற பெயர் இருந்தது. கர்ணன், துரியோதனன், அர்ச்சுனன் போன்ற வேஷக்காரர்கள் அணியும் கிரீடம், தோள்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கனமில்லாத மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டு பதித்தவை. அந்தக் கட்டைதான் பெயருக்குக் காரணம். 'தெருக்கூத்து' என்று பெருமையோடு சொல்லும் கலைஞர்களும் உண்டு. ஆனால், 'தெரு' என்ற சொல்லை வைத்தே கலையை மட்டமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரை இவர்கள் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

'இவர்கள்' என்று சொல்லக் காரணம், கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபால். 1953-ல் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயது வாக்கில் பள்ளிக்கூடத்தை விட்டு வேஷம் கட்டப் போனவர். 1990-ல் இவரும் ஹன்னேவும் மற்றக் கலைஞர்களும் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆராய வந்தவர் ராஜகோபாலைத் திருமணம் செய்துகொண்டு, இந்த மண்ணிலேயே குடும்பமாகிவிட்டார்.

விடியும்வரை என்ன நடக்கிறது?

புதிதாக வருபவருக்கு முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் புரியாது. மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து களரி கட்டும். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதன் பின்னால் நின்று வேஷக்காரர் பாடிக்கொண்டே தன் கிரீடத்தை மட்டும் காட்டுவார். கட்டியக்காரன் வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பான். வந்தவர் கைப்பேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டால், அவர் பார்த்தது வண்ண உடையை மட்டும்தான்.

கூத்தின் கனம் பின்னிரவில் இருக்கிறது. பகடை துகில் அன்று திரௌபதி சபையில் நியாயம் கேட்கும்போது, பாயில் படுத்திருந்த கிழவிகூட எழுந்து உட்காருவாள். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி புருஷனைப் போருக்கு விடாமல் மறிக்கும்போது மணி மூன்றுக்கு மேல் ஆகியிருக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்து படுக்க வைத்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமனும் துரியோதனனும் மோதுவார்கள். தொடை பிளந்த பிறகு திரௌபதி கூந்தல் முடிவாள். சாயந்தரம் தீமிதி. முன்னிரவுகளில் கண் விழித்தவருக்குத்தான் அந்த முடிச்சின் அர்த்தம் புரியும்.

விட்ட பள்ளிக்கூடம்

கொண்டாட்டத்தை ரசிப்பது ஒன்று. அதை நமக்குத் தருகிறவர் காலையில் எதைச் சாப்பிடுகிறார், அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்பது இன்னொன்று. கூத்தாட வேண்டுமானால் படிப்பை விட வேண்டும். படிக்க வேண்டுமானால் கூத்தை விட வேண்டும். ராஜகோபால் தலைமுறைக்கு இருந்த வழி இதுதான்.

2002-ல் காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி என்பது இந்தப் பக்க விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஏரிக்கரை ஊரில் பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், அடவும் பாட்டும் கற்றார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலையில், பெண் பிள்ளைகளும் பயிற்சி பெற்று மேடையேறினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் தொடர்ந்து ஆட முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை குருகுலத்தின் கையில் இல்லை. பெண் எடுக்கும் வீடுகளின் கையில் இருக்கிறது.

குருகுலம் 2020-ல் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. சரியாகப் பாரதக் கூத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்கும் பருவம். மறு ஆண்டும் மே மாதம் ஊரடங்கு வந்தது. பாடுபட்ட பயிர் அறுவடைக்கு முதல் நாள் மழையில் சாய்ந்தால் எப்படி இருக்கும் என்று விவசாயிக்குத் தெரியும். கூத்துக்காரருக்கு இரண்டு கோடை அப்படிப் போனது.

நம் பாயில் ஓர் இடம்

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலைகளுக்காகக் கொரியா, ஜப்பான் நாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். வேலை முடிந்தால் அறை, இல்லையென்றால் அவர்கள் நாட்டுச் சாப்பாட்டுக் கடை. வேலிக்கு அந்தப்பக்கம் கூத்து நடந்தாலும் அழைப்பார் இல்லை.

அழைத்துப் பாருங்கள். கூத்துக்கு முன்பே அன்றைய கதையை நாலு வரியில் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்லும். நாற்காலி போட்டுத் தனியாக உட்கார வைக்காமல், குடும்பத்தோடு பாயில் இடம் கொடுங்கள். அரிதாரம் பூசும் இடத்தில் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தூக்கம் வந்தால் அங்கேயே படுத்து எழலாம், அது தவறில்லை என்றும் சொல்லுங்கள். வந்தவர் அன்பளிப்பு கொடுக்க விரும்பினால், அது ஜமா வாத்தியார் கையில் நேராகச் சேரட்டும்.

கடல் கடந்து வந்த ஒருவர் நம் ஊர் இரவுக்காக வாழ்க்கையையே இங்கு அமைத்துக்கொண்டார். நம் பிள்ளைகளோ கட்டியக்காரன் போனதும் எழுந்து வீட்டுக்குப் போய் கைப்பேசியைத் திறக்கிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. துகில் உரியும் நேரம் வரை அவர்கள் பக்கத்தில் யாராவது பெரியவர் உட்கார்ந்து, இது யார், இவன் ஏன் தலை குனிந்து நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நமக்கும் அப்படி ஒருவர் சொன்னதால்தானே கர்ணனைத் தெரியும்?

வரும் கோடையில் உங்கள் ஊரில் கொடியேறினால், வீட்டிலிருந்து இரண்டு பாய் கூடுதலாக எடுத்துப் போங்கள்.