வந்தவன் பேசும் பாஷை

பியோதர் பொந்தார்ச்சுக்கின் 'ஈர்ப்பு' (2017) படத்தை மணவூரிலிருந்து வேலைக்குப் போய்வரும் மின்ரயிலில், கைப்பேசியில், நான்கு நாட்களாகத் துண்டு துண்டாகப் பார்த்தேன். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலைப் படமாக்கிய செர்கேய் பொந்தார்ச்சுக்கின் மகன் இவர். தகப்பனின் படத்தை இப்படிப் பார்க்க முடியாது. மகனுடையதைப் பார்க்க முடிகிறது. இதையே விமர்சனமாக எடுத்துக்கொள்ளலாம்.

மாஸ்கோவின் தெற்கே செர்தானவோ என்ற பேட்டை. விண்கலம் ஒன்றை ராணுவ விமானங்கள் சுட, அது அடுக்குமாடிக் கட்டடங்களை இடித்துக்கொண்டு விழுகிறது. முதல் அடி நம்முடையது. அது மறந்துபோய், செத்தவர்களுக்குப் பழிவாங்கப் பேட்டைப் பையன்கள் திரளுகிறார்கள். அந்தக் கும்பலின் முகங்களில் பொய் இல்லை. ஆனால் டைரக்டரின் தைரியம் அதோடு தீர்ந்துவிடுகிறது. கவசத்துக்குள்ளிருந்து வெளிப்படுகிறவன் லட்சணமான வாலிபன். ருஷ்ய பாஷை பேசுகிறான். கர்னலின் மகள் அவனைக் காதலிக்கிறாள். அவன் அருவருப்பான ஜந்துவாக, ஒரு சொல்லும் புரியாதவனாக இருந்திருந்தால் அவள் கிட்டே போயிருப்பாளா? படம் இதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. 'படையெடுப்பு' என்ற இரண்டாம் பாகம் (2020) பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, வெள்ளம் பிரமாண்டம்.

நமக்கும் ஒன்று உண்டு. 1963-இல் ஏ. காசிலிங்கத்தின் 'கலை அரசி'. விஞ்ஞானத்தில் தேறி, கலையில் வறண்டுபோன கிரகத்திலிருந்து நம்பியார் வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார், எம்.ஜி.ஆர். போய் மீட்கிறார். சிரிப்பது சுலபம். ஆனால் வருகிறவனுக்கும் ஒரு இல்லாமை இருக்கிறது, அதற்காகத்தான் வருகிறான் என்ற எண்ணம் அசட்டுத்தனமானதல்ல. என்ன, அங்கும் எல்லோரும் நல்ல தமிழ் பேசுகிறார்கள்.

மூன்றாம் நாள், படம் பாதியில் நிற்க, கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக்காரர் ஒருவர், என் அப்பா வயது இருக்கும், பணம் அனுப்பச் சலானை நீட்டினார். அவர் எழுத்தில் நிரப்பியிருந்தார். வட்ட வட்டமாக, நிதானமான கையெழுத்து. என் பின்னால் ஆள் இல்லை, எதிரே வரிசை. "இது செல்லாது. நாளைக்குத் தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ எழுதிக்கிட்டு வா" என்றேன். ஒருமையில்தான் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையசைத்துவிட்டுப் போனார்.

திருத்தணி 1960-இல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய எங்கள் நிலப் பத்திரங்கள் தெலுங்கில் இருக்கின்றன. தாத்தா வாசிப்பார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நிலம் என் பேரில்.

அந்த மனிதர் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மிச்சப் படத்தைப் பார்த்து முடித்தேன். சலான் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. மூன்றாவது வரியில் இருப்பது மகள் பெயரா, ஊர்ப் பெயரா என்று இதுவரை யாரிடமும் காட்டிக் கேட்கவில்லை.