எறாத் தலை

தணலில் எறா விழுந்ததும் முதலில் வருவது ஓட்டின் வாசனை. சதையின் வாசனை பிறகுதான் வரும். ஓடு கருகத் தொடங்கும்போது கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் உப்புமாக ஒரு புகை எழும். நுங்கம்பாக்கத்தில் ஒரு ஜப்பானிய உணவகத்தில், கரியடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது அந்தப் புகை முகத்தில் பட்டது. எனக்கு உடனே ஆயாவின் முழங்கால் ஞாபகம் வந்தது. ஆயா குந்தி உட்கார்ந்து பனையோலைத் தீயில் மடவை சுடுவாள். முழங்காலெல்லாம் சாம்பல் ஒட்டியிருக்கும். மடவையைச் செதில் உரிக்காமல்தான் தீயில் போடுவாள். செதில் கருகும், உள்ளே சதை தன் நீரிலேயே வேகும். வெந்த பிறகு தோலும் செதிலும் ஒரே உரியில் வந்துவிடும். உப்பு மட்டும் போதும். மசாலா தடவினால் ஆயாவுக்குக் கோபம் வரும். நேற்றைய மீனுக்குத்தான் மசாலா என்பாள்.

அந்த உணவகத்துக்கு அழைத்துப் போனவன் தம்பி மகன். ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை. "அத்தை, நீ வந்தே ஆவணும். அவங்க மீன் சுடுறத நீ பாக்கணும்" என்று விடாமல் கூப்பிட்டான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார்த் தொழிற்சாலைகள் வந்த பிறகு ஜப்பானியர்கள் குடும்பத்தோடு சென்னைக்குக் குடிவந்தார்கள். அவர்களை நம்பித்தான் இப்படிப்பட்ட கடைகள் இங்கே வேர்பிடித்தன. அந்தத் தொழிற்சாலைகளில் செய்த கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பல் ஏறுகின்றன. இரவில் பழவேற்காட்டில் எங்கள் கரையில் நின்றால் தெற்கே வானத்தின் அடியில் ஒரு வெளிச்சம் தெரியும். துறைமுகங்களின் வெளிச்சம்தான் அது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏறும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். நடுவில் நாங்களும் ஏரியும்.

அடுப்புக்குப் பின்னால் இருந்த சமையல்காரர் மணிப்பூர்ப் பையன். சுட்டதை நீண்ட மரத்துடுப்பின் நுனியில் வைத்து எங்கள் பக்கம் நீட்டினான். அப்படி நீட்டுவதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். வட ஜப்பானில் மீனவர்கள் படகிலேயே கரியடுப்பு மூட்டிச் சமைத்து, பக்கத்துப் படகில் இருப்பவனுக்குத் துடுப்பில் வைத்துக் கொடுப்பார்களாம். நடந்ததோ, கடைக்காரர்கள் கட்டியதோ, அந்தக் கதையை நான் நம்ப விரும்புகிறேன். ஏனென்றால் நைனா சொல்லியிருக்கிறார்: இரவு வலை கட்டிக் காத்திருக்கும்போது பக்கத்துப் படகுக்குத் தீப்பெட்டியைத் துடுப்பின் அகலத்தில் வைத்துத்தான் நீட்டுவார்களாம். சில நாள் குழம்புத் தூக்கும் அப்படியே போகும்.

ஜப்பானியர்களின் கரி வேறு. கீஷூ பகுதியில் ஒருவகை ஓக் மரத்தைச் சுட்டுச் செய்கிறார்கள். இரும்பைப் போலக் கனமாக இருக்கும், தட்டினால் மணி ஓசை வரும். புகையும் சுவாலையும் இல்லாமல் வெகுநேரம் கனலும். எங்கள் ஓலைத் தீ நாலு மூச்சில் அணைந்துவிடும். ஆயா அந்த நாலு மூச்சுக்குள் மீனைத் திருப்பிப் போட்டு எடுத்தாக வேண்டும். கைத்திறன் இரண்டு அடுப்புக்கும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அந்தப் பையன் மீனின் துடுப்பிலும் வாலிலும் உப்பை அப்பி அப்பி வைத்தான், அவை முதலில் கருகிவிடாமல் இருக்க. ஆயா இருந்திருந்தால் அதைக் குறித்துக்கொண்டிருப்பாள்.

எறா தலையோடு வந்தது. தம்பி மகன் தலையைக் கிள்ளி ஓரமாக வைத்தான். பையன் அதைப் பார்த்துவிட்டு, கேட்டு வாங்கி, உப்புத் தூவி மறுபடி தணலில் வைத்தான். மொறுமொறுப்பாக வந்ததும் என் தட்டில் போட்டான். ஜப்பானியர்கள் வந்தால் தலையைத்தான் முதலில் கேட்பார்கள் என்றான். கடித்ததும் அந்தக் கசப்பு கலந்த கொழுப்பு நாக்கில் இறங்கியது. எனக்குக் கண் கலங்கியது. நான் வளர்ந்தது எறாத் தலையில்தான்.

1980களில் இந்திய எறாவை மிக அதிகமாக வாங்கிய நாடு ஜப்பான். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஏலம் நடக்கும் இடத்தில் ஐஸ் பெட்டிகளோடு ஏஜெண்ட் வண்டிகள் நிற்கும். வெள்ளை எறா ஒரு குவியல், புலி எறா ஒரு குவியல். கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்ற கவுண்ட்டைப் பொறுத்து விலை. தலையை அங்கேயே கிள்ளிவிடுவார்கள். எறாவின் தலைக்குள்தான் அதன் இரைப்பையும் செரிமானச் சுரப்பியும் இருக்கின்றன. முதலில் கறுத்துக் கெடுவது அந்த இடம். அதனால் தலை நீக்கிய உடல்கள் 2 கிலோ கட்டிகளாக உறைந்து கப்பலேறும். தலை கிள்ளும் வேலை பெண்களுக்கு. எறாவின் கொம்பு குத்திக் குத்தி விரல் நுனிகள் வெந்தது போல ஆகிவிடும். அம்மா ராத்திரி விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். கூலியோடு தலைகளையும் அள்ளிக்கொள்ளலாம். அவற்றை அம்மியில் தட்டிப் பிழிந்து, புளி சேர்த்து ஆயா ரசம் வைப்பாள். முருங்கைக்காய் போட்டுக் குழம்பும் வைப்பாள். நல்ல உடல் எல்லாம் ஜப்பானுக்குப் போனது, தலை எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைக் குறையாக யாரும் சொன்னதில்லை. பள்ளிக் கட்டணம், கூரைக்குப் பதில் ஓடு, அண்ணன் கல்யாணம் எல்லாம் அந்த உடல்கள் கொடுத்த பணத்தில் நடந்தவை. ஆனால் அவ்வளவு பெரிய புலி எறாவின் சதையை முழுசாக நான் கடித்தது நுங்கம்பாக்கத்தில் அன்றைக்குத்தான். இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

பழவேற்காட்டுக்கும் ஜப்பானுக்கும் இருக்கும் வழி எறாவுக்கு முந்தியது. டச்சுக் கம்பெனி ஜப்பானின் ஹிராடோவில் பண்டகசாலை திறந்தது 1609இல். ஏறக்குறைய அதே காலத்தில்தான் அவர்கள் எங்கள் ஊரில் இறங்கினார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம், 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை. இந்தக் கரையில் நெய்த துணி இங்கிருந்து ஜாவாவின் பத்தாவியாவுக்கும், அங்கிருந்து ஜப்பானுக்கும் போனது. கோட்டை இன்று புதரும் மண்மேடும். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் மட்டும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. சின்ன வயதில் அவற்றைத் தாண்டி ஓடும்போது கண்ணை மூடிக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அந்தக் கல்லறைகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நெய்தவர்கள், பொதி சுமந்தவர்கள், படகு தள்ளியவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இன்னொரு சாப்பாடும் எனக்கு மறக்காது. ஏரியைப் பாதுகாப்பது பற்றிச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் கருத்தரங்கு நடத்தினார்கள். குப்பங்களிலிருந்து சில பெண்களை அழைத்திருந்தார்கள். நான் டீச்சர் என்பதால் துணைக்குப் போனேன். மதியம் பஃபே. நீளமான மேசை, மூடியிட்ட வெள்ளிப் பாத்திரங்கள், ஐஸ் மலைமேல் அடுக்கிய எறா. பெரியம்மா முறையாக வேண்டிய ஒருவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருடி போடுவாங்க?" என்று கேட்டார். நாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். "எவ்ளோ?" என்றார். எவ்வளவு வேண்டுமானாலும் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஐஸ்மேல் இருந்த எறாவைக் குனிந்து பார்த்தார். "இது ஏரி எறா இல்ல. எல்லாம் ஒரே ஒசரம், ஒரே தடிப்பு. ஏரியில வர்றது ஒன்னு பெருசு, ஒன்னு சிறுசாத்தான் இருக்கும்" என்றார். உண்மைதான். அது பண்ணையில் வளர்ந்த வன்னாமி. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம், 2009இல் இங்கே வளர்க்க அனுமதித்தார்கள். ஒரே நாளில் விட்டு, ஒரே தீனி போட்டு, ஒரே நாளில் அறுவடை செய்வதால் அந்த ஒரே அளவு. காலையெல்லாம் ஏரியின் வளத்தைப் பற்றிப் பேசிய இடத்தில், ஏரி மீன் ஒரு துண்டுகூட மேசையில் இல்லை. பெரியம்மா தயிர்ச்சோறும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு அன்று வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

பஃபே என்ற ஏற்பாட்டின்மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்வீடன் நாட்டில் அப்படி மேசை விரிப்பவர்கள் ஹெர்ரிங் மீனில்தான் விருந்தைத் தொடங்குவார்கள். தங்கள் கடல் கொடுத்ததை முதலில் வைப்பார்கள். டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் 1958இல் அந்த ஏற்பாட்டை ஜப்பானுக்குக் கொண்டுவந்தது. ஊருக்கு ஊர் போன பிறகு மேசை மட்டும் தங்கியது. அந்தந்த ஊரின் தண்ணீர் அதிலிருந்து விலகிவிட்டது.

"எவ்ளோ?" என்று பெரியம்மா கேட்டதை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் சுத்து வலை கட்டுவதற்குக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் நாள் பிரித்துக்கொள்ளும். ஊருக்குள்ளே யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இன்று உனக்கு நல்ல இடம் வந்தால் அடுத்த முறை வேறொருவனுக்கு. எறா கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். பிறகு வற்றுத் தண்ணீரோடு கடலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியில்தான் வலை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஒதுங்க வேண்டும். எறா விலை ஏறிய பிறகு, பாடு இல்லாத ஊர்களும் பங்கு கேட்டன. சண்டை, போலீஸ், பேச்சுவார்த்தை எல்லாம் வந்தன. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஏரி அவர்கள் வீட்டு வாசலிலும்தான் இருக்கிறது. பாட்டில் பெண்களுக்கு இடம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் முறை வைத்து எடுப்பதும், அடுத்தவனுக்காக விலகி நிற்பதும் அந்தத் தண்ணீரில் தலைமுறைகளாகப் பழகிய ஒழுக்கம். அதில் வளர்ந்தவருக்கு "எவ்வளவு வேண்டுமானாலும்" என்பது எப்படிப் பதிலாகும்?

வலையே இல்லாமல் எறா பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். எறாவின் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஒரு கையளவு எறாவுக்காகக் காலையெல்லாம் தண்ணீரில் நிற்பார்கள். அப்படிப் பிடித்த எறாவுக்கு நட்சத்திர ஓட்டலில் என்ன விலை போட வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

1990களில் எறாப் பண்ணைகள் கரையெங்கும் வந்தபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் அவற்றை எதிர்த்துத் தள்ளாத வயதில் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பில், சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் சுற்றி 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று எங்கள் ஏரியின் பெயரைச் சொல்லியே எழுதினார்கள். தஞ்சைப் பக்கத்துக் காந்தியவாதி ஒருவர் எங்களுக்காகவும் வழக்காடினார் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை.

இன்னொரு பெரிய கவலை முகத்துவாரம். மணல் சேர்ந்து அது அடைபடும்போது குஞ்சு உள்ளே வராது, ஏரித் தண்ணீரின் உப்பு நிலை மாறும், படகு கடலுக்குப் போகாது. ஊர்க்காரர்கள் தாங்களே பணம் திரட்டி வெட்டித் திறந்த காலம் உண்டு. வாய் மூடியிருக்கும் ஆண்டில் பாட்டின் சீட்டில் எந்த இடம் வந்தால் என்ன?

சென்னையில் ஓட்டல் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பழவேற்காடு உங்கள் சமையலறையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம்தான். மழை ஓய்ந்து, மார்கழி தையில் ஏரி எறா வரும்போது ஆளை அனுப்பி, ஏலத்தில் பெண்களிடம் நேராக வாங்குங்கள். அளவு ஒன்றுபோல் இல்லை என்று தள்ளாதீர்கள், தலையைக் கிள்ளச் சொல்லாதீர்கள். மேசையில் வைக்கும்போது எந்தக் குப்பத்து எறா என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். சாப்பிட வருபவர்களே, அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.