ஆடிப் பட்டம் இங்கே செல்லாது



ஆடி பிறக்க இன்னும் ஆறு வாரங்களே உள்ளன. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற முன்னோர் சொல்லை நம்பி, யூலை நடுப்பகுதியில் மிளகாய் விதையையும் கத்தரி விதையையும் மண்ணில் இடும் குடும்பங்களை மெல்பேர்ணில் ஆண்டுதோறும் காண்கிறேன். தமிழகத்தில் ஆறுகளில் புதுவெள்ளம் வரும் மாதம் ஆடி. இங்கோ அது கடுங்குளிரின் உச்சம். குளிர்ந்த ஈர மண்ணில் மிளகாய் விதை முளைப்பதில்லை, அழுகிப்போகும்.

இந்நகரத்து மக்களிடமும் ஒரு பட்டம் உண்டு. நவம்பர் முதற் செவ்வாயன்று நடக்கும் மெல்பேர்ண் கிண்ணக் குதிரைப் பந்தய நாளையொட்டித் தக்காளிக் கன்றுகளை நடுவது அவர்களது வழக்கம். குதிரைப் பந்தயத்தைப் பங்குத்தந்தை நினைவூட்டுவது சிலருக்கு உவப்பாய் இராது. அவர்கள் நவம்பர் 2ஆம் நாள் வரும் இறந்தோர் நினைவு நாளை அடையாளமாகக் கொள்ளலாம். கல்லறைகளுக்குப் பூ வைத்து வந்த அதே வாரத்தில் மிளகாய், கத்தரி, வெண்டி, பாகல் ஆகியவற்றின் கன்றுகளை நிலத்துக்கு மாற்றுங்கள். விதைகளை ஓகஸ்ட் இறுதியில் வீட்டுக்குள், வெப்பமான இடத்தில், சிறு சட்டிகளில் முளைக்கவிட்டால் கன்றுகள் வேளைக்கு ஆயத்தமாகும்.

இவ்வாண்டு இதை எழுதத் தூண்டியவர் நம் பங்கின் முதியவர் ஒருவர். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் வெங்காயத் தோட்டம் செய்தவர். 1990இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தார். அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னாளில் பகுதி பகுதியாக நிலங்கள் விடுவிக்கப்பட்டபோதும் இவரது தறை வேலிக்குள்ளேயே கிடந்தது. பிள்ளைகள் அவரை இங்கே அழைத்துக்கொண்டார்கள். மெல்பேர்ணின் மேற்குப் புறநகரில் நல்ல வீடு, சூடேற்றிய அறை, வேளைக்கு உணவு. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் மாலைவரை யன்னலருகே இருப்பார். வீடு சந்திக்கச் சென்றபோது, "சுவாமி, எனக்கு இஞ்சை ஒரு குறையுமில்லை, ஒரு வேலையுமில்லை" என்றார். அந்த இரண்டாவது சொற்றொடரே என்னைத் தைத்தது.

அவர் சும்மா இருந்தவரல்லர். வந்த முதலாண்டே ஊரில் செய்ததுபோல் பாத்தி கட்டி மிளகாய் நட்டிருக்கிறார். எல்லாம் அழிந்தன. புல்தரையைக் கொத்திக் கெடுத்துவிட்டார் என்று வீட்டில் முணுமுணுப்பும் எழுந்திருக்கிறது. "பேசாமல் ஓய்வாயிருங்கோ, அப்பா" என்று மகன் அன்போடுதான் சொன்னார். ஆயினும் அறுபது ஆண்டுகள் மண்ணோடு பேசியவரிடம் பேசாமல் இரு என்பது சிறிய தண்டனையன்று என்று அம்மகனிடம் சொன்னேன்.

அழிவுக்குக் காரணம் அவரது கைத்திறனில் இல்லை. யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணாம்புப் பாறையின்மேல் படிந்தது. நீர் விரைவாக இறங்கிவிடும். ஆதலால் அங்கே பாத்தியைத் தாழ்த்தி, வரம்பு கட்டி, கிணற்று நீரை உள்ளே தேக்குகிறோம். மெல்பேர்ணின் மேற்கில் இருப்பதோ எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து பிறந்த களிமண். குளிர்காலத்தில் பசைபோல் நீரைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். இங்கே தாழ்ந்த பாத்தி குளமாகும். முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, மக்கிய எருவைத் தாராளமாகக் கலக்க வேண்டும். பல இடங்களில் ஜிப்சம் தூவினால் களி சற்று இளகும்.

இரண்டாவது செய்தி அவரையே மலரச் செய்தது. வெங்காயமும் உள்ளியும் இங்கே குளிர்காலப் பயிர்கள். ஆண்டின் மிகக் குறுகிய பகலாகிய யூன் 21 அளவில் உள்ளியை ஊன்றி, மிக நீண்ட பகல் வரும் டிசெம்பரில் கிண்டி எடுப்பது இந்நாட்டாரின் எளிய கணக்கு. சின்ன வெங்காயத்தையும் அதே காலத்தில் ஊன்றலாம். சென்ற ஆண்டு அவர் அப்படியே செய்தார். திருவருகைக் காலத்தில் நான் போனபோது கார்க் கொட்டிலின் கூரைச் சட்டத்தில் வெங்காயப் பிடிகள் தாளோடு கட்டித் தொங்கின. பேரப்பிள்ளைகள் அவற்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கறிவேப்பிலை பற்றிக் கேட்காத வீடில்லை. உறைபனி அதற்கு ஆகாது. சட்டியில் வளர்த்து, வடக்கு நோக்கிய செங்கற் சுவரருகே வையுங்கள். தென் அரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்தே வரும், சுவரும் பகல் வெப்பத்தை இரவில் திருப்பித் தரும். குளிரில் இலையுதிர்ந்தால் இறந்துவிட்டதென்று எண்ணி நீரை ஊற்ற வேண்டாம். அந்த நீரே வேரை அழுகச் செய்யும். ஊரிலிருந்து விதையோ இலையோ கொண்டுவருவோர் விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவியுங்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தது. தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதாலேயே இந்தக் கண்டிப்பு.

சிட்னி உறவுகளே, உங்களுக்குக் குளிர் சற்றுக் கருணை காட்டுகிறது. முருங்கையும் வாழையும் பல வீடுகளில் நிற்கின்றன. உங்கள் சோதனை கோடை: 2020 சனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை பதிவாயிற்று. அத்தகைய நாளில் நிழல்வலையும், மண்ணை மூடிய வைக்கோலும், விடியற்காலை நீரும்தான் பயிரைக் காக்கும். மில்டூரா போன்ற நாட்டுப்புற ஊர்களுக்குக் குடிபெயர்ந்தோர்க்கு இரண்டு சோதனையும் உண்டு, கோடையில் வெக்கை, குளிரில் உறைபனி. ஆண்டு மழையோ 300 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆனால் வெண்டியும் கத்தரியும் அங்கே காய்ப்பதைக் கண்டால் மெல்பேர்ண்காரருக்குப் பொறாமை வரும்.

இன்னொன்று. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தது. மெல்பேர்ண் நிலத்தின் மூத்த குடிகளான குலின் மக்களும் ஐரோப்பியரின் நான்கு பருவங்களுக்குள் இந்நிலத்தை அடக்கவில்லை. பூப்பதையும் பறவை வருவதையும் கண்டு அதனினும் நுட்பமாகப் பருவங்களை அறிந்தனர். மஞ்சட்பூப் பூக்கும் முர்னோங் என்னும் கிழங்கை அவர்களது பெண்கள் கோலால் கிண்டி எடுத்தனர். கிண்டியதால் மண்ணும் இளகிற்று. 1835க்குப் பின் குடியேறிகளின் ஆடுகள் அக்கிழங்கை மேய்ந்து தீர்த்தன. இதைச் சொன்னபோது அம்முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவைக்கும் தறை போட்டுது" என்றார்.

விதைக்கென அவர் சில பிடி வெங்காயத்தைத் தனியே வைத்திருக்கிறார். வரும் ஞாயிறு திருப்பலிக்குப்பின் மண்டப வாசலில் நிற்பார். விலையில்லை. ஆனால் உங்கள் பாத்தி எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட்டுத்தான் தருவார்.