நெருப்புப் படம்

ராஜபாளையத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வண்டி போய், ஓடாத பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸியெல்லாம் எடைக்கு எடுத்து வரும். இரும்பில் பெரிய காசு கிடையாது. செம்பில்தான் காசு.

பிரிட்ஜின் கம்ப்ரஸர் இரும்பு. அதில் வந்து சேரும் குழாய் செம்பு. ரம்பத்தால் அறுத்தால் விரல் நீளச் செம்பு இரும்போடு ஒட்டிக்கொண்டு, இரும்பு விலைக்கே போய்விடும். கேஸ் டார்ச்சால் பற்றவைப்பை இளக்கினால் முழுதாக உருவலாம். அந்த விரல் நீளத்துக்கு ஆசைப்பட்டேன்.

டார்ச்சைப் பிடித்தவன் என்னிடம் வேலை பார்த்த பையன். "அண்ணாச்சி, இதுல நெருப்புப் படம் போட்டிருக்கு" என்றான். மஞ்சள் முக்கோணம், உள்ளே தீ. பக்கத்தில் ஆர்-600ஏ என்ற எழுத்து. நான் கல்லாவை விட்டு எழவில்லை. "நான் பாக்காத பிரிட்ஜாடா? சூடு வையி" என்றேன்.

பழைய பிரிட்ஜில் குளிரூட்டும் கேஸாக இருந்த ஆர்-12, பிறகு வந்த ஆர்-134ஏ, இரண்டும் லேசில் தீப்பிடிக்காதவை. என் அனுபவம் அதோடு நின்றிருந்தது. ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் இனம். பிரிட்ஜ் ஓடாமல் கிடந்தாலும் குழாயிலும் கம்ப்ரஸர் எண்ணெயிலும் தங்கியிருக்கும். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவன்தான் சொன்னானே.

குப்பென்று பிடித்தது. அவனுடைய வலது கையும் கழுத்தும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரியில், வீட்டு அடுப்பு வெடித்ததாகச் சொன்னேன். அவனையும் அப்படியே சொல்லச் சொன்னேன். வலியோடு தலையாட்டினான். மின்னணுக் கழிவை உடைத்துப் பிரிக்க அரசுப் பதிவு வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளில் பிரிட்ஜும் அடக்கம். என்னிடம் பதிவு இல்லை. வழக்காகிவிடும் என்று பயந்தேன்.

அவன் அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிறவர். வேலையை விட்டுவிட்டு மகனுக்குச் சோறு ஊட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மகன் வீட்டில் அடுப்பு வெடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? வைத்தியச் செலவைக் கொடுத்தேன். கொடுத்ததை நாலு பேரிடம் சொல்லிப் பெருமையும் தேடினேன்.

அவனுக்கு இப்போது விரல்கள் முழுதாக மடங்காது. தறி வேலைக்கும் யாரும் எடுக்கவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கம்ப்ரஸரில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் தீயைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்னும் அடுப்பு விபத்து என்றே இருக்கிறது. அது பொய். சூடு வைக்கச் சொன்னவன் நான்.