முப்பத்தெட்டாம் லாட்

காட்பாடியில் பாசஞ்சர் ஏறினால் லத்தேரி, காவனூர், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், அப்புறம் ஆம்பூர். எட்டு வருஷம் என் காலைப்பொழுது இந்த வழியில்தான் போனது. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தேன். ரயிலில் பேப்பர் வாங்கி சுடோகு போடுவேன். எளிதானது வளத்தூர் வருவதற்குள் முடிந்துவிடும். கஷ்டமானது வரும் நாட்களில் ஊகித்துப் போடுவேன். ஒரு கட்டத்தில் 4 அல்லது 6 என்று வந்து நின்றால், 4 என்றே வைத்துக்கொண்டு மேலே போவேன். இடித்தால் ரப்பர் இருக்கிறது.

தவறான எண் உடனே இடிக்காது. இருபது கட்டம் வரைக்கும் கூடவே வரும். அடுத்தடுத்த எண்கள் அதோடு பொருந்தும், பொருந்தப் பொருந்த நமக்கு நம்பிக்கை கூடும். கடைசியில் ஒரே வரிசையில் இரண்டு 7 வந்து நிற்கும்போது, எதைக் கண்டுபிடித்தோம், எதை ஊகித்தோம் என்பதே மறந்திருக்கும்.

குடியாத்தத்தில் இறங்கும் வங்கி ஊழியர் ஒருவர் எதிர் சீட்டில் வருவார். அவரும் சுடோகு போடுவார், பேனாவால். ஒருநாள் என் பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஏன் சார் இங்க நாலு?" என்று கேட்டார்.

"நாலாத்தான் இருக்கும்னு தோணிச்சு மேடம்."

"தோணினா ஓரத்துல சின்னதா எழுதி வைங்க. ஏன்னு சொல்ல முடிஞ்சப்புறம் உள்ள போடுங்க."

அடுத்த சில மாதங்களில் காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் இடையிலேயே அவர் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார். முதலில், காலிக் கட்டம் ஒவ்வொன்றிலும் வரக்கூடிய எண்களைப் பொடியாக எழுதுவது. பிறகு ஜோடி. ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களில் 2, 8 என்ற இரண்டு எண்கள் மட்டுமே வரமுடியும் என்றால், எதில் 2, எதில் 8 என்று தெரிய வேண்டியதே இல்லை. அந்த இரண்டும் அங்கேயே தீர்ந்துவிட்டன. அந்த வரிசையில் வேறெங்கும் 2, 8 எழுதியிருந்தால் அடித்துவிடலாம்.

அதற்கு மேலே எக்ஸ்-விங். இரண்டாவது கிடைவரிசையில் 7 வருவதற்கு 3ஆம், 8ஆம் இடங்கள் மட்டுமே மிச்சம் என்று வையுங்கள். ஆறாவது வரிசையிலும் அதே 3, 8தான். மேலே 3இல் 7 வந்தால் கீழே 8இல் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மாறி வரும். எப்படி வந்தாலும் அந்த இரண்டு நெடுவரிசைகளுக்கும் உரிய 7 கிடைத்துவிட்டது. மற்ற வரிசைகளில் அந்த நெடுவரிசைகளில் இருக்கும் 7 எல்லாம் போய்விடும். இதையே மூன்று வரிசை, மூன்று நெடுவரிசைக்கு விரித்தால் ஸ்வார்ட்ஃபிஷ்.

எனக்கு மிகவும் பிடித்தது எக்ஸ்ஒய்-விங். முதல் வரிசையின் முதல் கட்டத்தில் 3 அல்லது 5. அதே வரிசையின் ஏழாம் கட்டத்தில் 3 அல்லது 9. முதல் நெடுவரிசையில் இறங்கினால் ஆறாவது வரிசைக் கட்டத்தில் 5 அல்லது 9. மூன்றில் ஒன்றுகூட முடிவாகவில்லை. ஆனால் முதல் கட்டம் 3 என்றால் ஏழாம் கட்டம் 9 ஆகிவிடும். 5 என்றால் கீழே உள்ளது 9 ஆகிவிடும். ஆக இரண்டில் ஒன்று கட்டாயம் 9. அந்த இரண்டும் சந்திக்கும் இடம் ஆறாவது வரிசையின் ஏழாம் கட்டம். அங்கே 9 வரவே முடியாது. எதுவும் முடிவாகாத மூன்று கட்டங்களை வைத்து நான்காவதைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்ல முடிகிறது. முதன்முறை இது பிடிபட்ட அன்று ஆம்பூர் ஸ்டேஷன் வந்ததே தெரியவில்லை, வாணியம்பாடியில் இறங்கித் திரும்பி வந்தேன்.

நான்கு மூலை வைத்துச் செய்யும் வேறொரு முறையும் உண்டு. புதிருக்கு விடை ஒன்றே ஒன்று என்று நம்பி, இரண்டு விடை தரக்கூடிய அமைப்பை ஒதுக்குவது. முறை சரியானதுதான். ஆனால் அது கட்டங்களைவிடப் புதிர் போட்டவரை நம்புகிறது என்பதால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இந்தப் புதிரை அமெரிக்கர் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்க, 1979இல் அது வேறு பெயரில் வெளிவந்தது. 1984இல் ஜப்பானின் நிக்கோலி எடுத்துக்கொண்டது. 2004இல் லண்டன் டைம்ஸில் வந்தபிறகு உலகமெல்லாம் பரவியது. 2017இல் உலகப் போட்டியே பெங்களூரில் நடந்தது. இவற்றைவிட என்னை உலுக்கியது 2012இல் டப்ளினில் கேரி மெக்வயர் குழு கணினியில் நிறுவிய முடிவு. 17 எண்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் ஒரே விடை கிடைக்காது. 17 கொடுத்து ஒரே விடை வரும் புதிர்கள் ஏராளமாக உண்டு. பேப்பரில் எனக்கு இருபதுக்கு மேல் கொடுத்திருப்பார்கள். தகவல் போதவில்லை, அதனால் ஊகித்தேன் என்று நான் சொல்லிவந்தது வெறும் சாக்கு.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஐப்பசி மழை. குரோமில் பதனிட்டு டிரம்மிலிருந்து இறங்கும் வெட் ப்ளூ தோலைக் காயவிடக் கூடாது. பேலட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி வைப்போம். எல்லா லாட்டும் அதே வெளிர் நீலம், அதே ஈரம். மேலே எழுதிய எண்ணை வைத்துத்தான் அடையாளம். மழைச்சாரலில் எண்கள் கரைந்திருந்தன. கதவோரம் இரண்டு பேலட், எண்ணே இல்லை. பின்கொட்டகையில் ஒன்று. அதில் 3 தெரிந்தது, அடுத்தது 2ஆ 8ஆ என்று தெரியவில்லை. 32 என்று படித்தேன். கதவோரம் இருப்பது 31, இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று எழுதினேன். எண்ணிப் பார்க்கவில்லை. கணக்கில் 38ஆம் லாட் முழுதாகக் காணோம்.

யாராக இருக்கும் என்று மேனேஜர் கேட்டார். பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வந்து இரண்டு மாதமே ஆன நைட் ஷிஃப்ட் பையன் பெயரைச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளே கணக்குத் தீர்த்து அனுப்பினோம். அதன்பின் எல்லாம் பொருந்தியது. அட்வான்ஸ் கேட்டான். வேன் டிரைவரோடு நின்று பேசினான். புது செல்போன் வைத்திருந்தான்.

மூன்று வாரம் கழித்து 32ஐ ஷேவிங்குக்கு எடுக்கச் சொன்னார்கள். டிரம் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். கதவோரம் அடுக்கிய அன்று இறங்கியவை இரண்டே லாட், 31, 32. எது எது என்று தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டும் அங்கேயே தீர்ந்துவிட்டன. பின்கொட்டகையில் இருப்பது 32 ஆக முடியாது. கை நடுங்க ஷீட்டைத் தூக்கி எண்ணினேன். 38ஆம் லாட்டின் எண்ணிக்கை, ஒரு தோல்கூடக் குறையவில்லை.

மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். திரும்பக் கூட்டி வா என்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பேரணாம்பட்டு போனேன். அவன் அம்மா டீ கொடுத்தார். நான் பேசி முடிக்கும்வரை அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேல்விஷாரத்தில் வேறு ஷாப்பில் சேர்ந்துவிட்டானாம், வரமாட்டேன் என்றான். அப்புறம் கேட்டான்.

"எங்க சார் இருந்துச்சு?"

"பின்கொட்டகையில."

"அங்க ஒண்ணு கீது, எண்ணிப் பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேனே சார்."

சொன்னான். அவன் கணக்கைத் தீர்க்கும் வவுச்சரில் நான் தொகையை எழுதிக்கொண்டிருந்தபோது சொன்னான்.